சூரியன் தோன்றாத ஊரில் ஒரு பொங்கல்



சென்ற இரண்டு இதழ்களில் இப்பகுதி வெளிவரவில்லை. உடல் நலமோ என்று விசாரித்து எழுதிய அன்பர்களுக்கு நன்றி. நலமாகவே இருக்கிறேன். ஊரில்தான் இல்லை. மறையூரில் பிறந்து, பத்தாம் வகுப்புத் தேறி, பாலக்காட்டில் இரயில்வே குமாஸ்தாவாகக் காலம் தள்ளும் நான், நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள ஹாமர்ஃபெஸ்ட் என்னும் தொழில் நகரத்துக்குப் போய் வந்தேன். வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் 70 பாகை வடக்கே இருக்கும் ஊர் அது. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு காரியமாகப் போனேன். அந்தக் காரியம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் உறவைச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டனார் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1964 ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்ட ஒப்பந்தம் அது. எங்கள் குடும்பத்தையும் அது பங்கிட்டது. பாட்டனாரும் என் தந்தையாரும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, பின்னர் மறையூர்க் கரும்புக் காட்டில் ஒதுங்கினார்கள். தந்தையாரின் தமக்கை, என் அத்தை, அங்கேயே மணமாகி நின்றுவிட்டார். அதன்பின் மலையகத்தில் கலவரம் வர வவுனியா. அங்கும் இருக்க முடியாமல் மன்னார். முடிவில் மாமா 1986 இல் நார்வே சேர, மூன்றாண்டு கழித்து அத்தையும் இரு குழந்தைகளுமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது மாமா இல்லை. மகனும் மகளும் தலைநகர் ஆஸ்லோவில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அத்தை மட்டும் அந்த வடகோடி ஊரில் தனியாக இருக்கிறார். சென்ற குளிர்காலத்தில் வாசலில் உறைந்த பனியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து, எழ மாட்டாமல் கிடந்திருக்கிறார். அதன்பின் அத்தை மகன் எனக்கு எழுதினார்: “நாங்கள் சொல்லிப் பார்த்துவிட்டோம், கேட்கவில்லை. தம்பி மகன் என்றால் அம்மாவுக்கு உயிர். நீங்கள் ஒரு முறை வந்து சொன்னால் கேட்பார். செலவு என்னுடையது.” வேலையில் சேர்ந்த நாள் முதல் சேர்த்து வைத்த விடுமுறையில் ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்டியில் குளிர் உடைகள் பாதி. மீதி மறையூர் உருண்டை வெல்லம், 6 கிலோ.

ஆஸ்லோவிலிருந்து வடக்கே இரயிலில் போவதே என் விருப்பமாயிற்று. என் இலவசப் பயணச் சீட்டு அங்கே செல்லாது என்பது தெரிந்ததே! நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர்; அவர்களுடையது 1435. ட்ராண்ட்ஹைம் நகரிலிருந்து போடோ வரை 729 கிலோமீட்டர். ஏறத்தாழ 10 மணி நேரம். இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர், சோவியத், யூகோஸ்லாவியப் போர்க் கைதிகளைக் கொண்டு இந்தப் பாதையின் வடபகுதியை அமைத்தார்கள்; பனியிலும் பசியிலும் பலர் மாண்டார்கள். பிறகு நார்வே அரசு வேலையைத் தொடர்ந்து, 1962 இல் போடோ வரை முடித்தது. துருவ வட்டத்தைக் கடக்கும் இடத்தில் வண்டியில் அறிவித்தார்கள். சன்னலுக்கு வெளியே இருட்டும் பனியும் தவிர ஒன்றும் இல்லை. தண்டவாளம் போட்ட கைகளை நினைத்துக்கொண்டேன்.

போடோவுடன் அந்தப் பாதை முடிகிறது. ஹாமர்ஃபெஸ்ட் இருக்கும் ஃபின்மார்க் மாவட்டத்தில் பயணிகள் இரயில் அறவே இல்லை. நம் இடுக்கி மாவட்டத்துக்கும் இரயில் இல்லையே என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். நமக்கு ஒரு காலத்தில் இருந்தது. மூணாற்றுத் தேயிலைக்காக 1902 இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908 இல் நீராவி எஞ்சின் பூண்ட குண்டளை இரயில், 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மறுபடி யாரும் போடவில்லை. ஃபின்மார்க் மக்களுக்கு இரயிலுக்குப் பதில் கடல் இருக்கிறது. 1893 இல் ட்ராண்ட்ஹைமுக்கும் ஹாமர்ஃபெஸ்டுக்கும் இடையே தொடங்கிய கரையோரக் கப்பல், இன்று தெற்கே பெர்கன் முதல் கிழக்கே கிர்க்கெனெஸ் வரை ஓடுகிறது. போடோவில் அதில் ஏறி, இரண்டு இரவு கழித்து, மூன்றாம் நாள் விடியற்காலை ஹாமர்ஃபெஸ்டில் இறங்கினேன். விடியற்காலை என்பது கடிகாரத்தின் கணக்கு. அங்கே விடியவில்லை.

ஆம், அன்பர்களே. அவ்வூரில் நவம்பர் 22 ஐ ஒட்டி மறையும் கதிரவன், ஜனவரி 20 ஐ ஒட்டித்தான் மறுபடி தலை காட்டுகிறான். அதற்கு ஈடாகக் கோடையில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை மறைவதே இல்லை. ஜனவரியில் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் தெற்கு வானில் நீலமும் இளஞ்சிவப்புமாக ஓர் ஒளி பரவும். அவ்வளவே பகல். குளிர் நாம் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையைத் தழுவிச் செல்வதால் துறைமுகம் உறைவதில்லை. காற்றுத்தான் கொடியது.

ஹாமர்ஃபெஸ்ட் 1789 இல் நகர உரிமை பெற்றது. நீண்ட இரவை வெல்ல 1891 இலேயே மின்சாரத் தெருவிளக்கு ஏற்றிய ஊர். நம் பள்ளிவாசலில் மின்சாரம் பிறந்தது 1940 இல் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். போருக்குப்பின் பல்லாண்டுகள் ஊருக்குச் சோறிட்டது மீன் ஆலை. இப்போது எதிர்த் தீவாகிய மெல்கோயாவில் எரிவாயு ஆலை. கடலடியில் 143 கிலோமீட்டர் குழாய் வழியாக வரும் வாயுவை, சுழிக்குக் கீழே 163 பாகை வரை குளிரூட்டித் திரவமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். 2007 முதல் நடைபெறுகிறது. கரையில் நின்று பார்த்தால், கார்த்திகைத் தீபத்தன்று மலையில் விளக்கு வைத்தாற்போல் அத்தீவு முழுதும் ஒளிர்கிறது.

அத்தை வேலை செய்தது மீன் ஆலையில். 1980 களின் நடுவிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வந்தார்கள். உள்ளூர் இளைஞர் நகரங்களுக்குப் போய்விட, ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. நம்மவர்க்கு உயிரும் வேலையும் வேண்டியிருந்தன. அதற்கு முன்பே மாணவர்களாக அந்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த யாழ்ப்பாணத்து இளைஞர் சிலரும் இருந்தார்கள்.

“என்ன வேலை அத்தை?” என்று கேட்டேன்.

“மீனை அறுக்கிறதுதான். முள்ளை எடுத்து, தோலை உரிச்சு, துண்டு போடணும். நாள் முழுக்க நின்ன கால்லயே நிக்கணும். கையுறை போட்டாலும் தண்ணி உள்ளே இறங்கிடும். மலைநாட்டுல கொழுந்து பறிச்ச விரல்தானே, வேகம் தானா வந்துச்சு. எத்தனை கிலோ என்கிறதைப் பார்த்துத்தான் மேல்காசு. உங்க தாத்தா காலத்துத் தோட்டக் கணக்கு மாதிரியே!” என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: “முதல் ரெண்டு வருஷம் உடம்பெல்லாம் வலி, தம்பி. தோள், கழுத்து, நெஞ்சு. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தாரு, ஊசி போட்டுப் பார்த்தாரு. ஒண்ணுமில்லேன்னாரு. எனக்கு மட்டுமில்ல, நம்ம பொம்பளைங்க எல்லாருக்குமே அப்படித்தான். அந்த வலிக்கு என்ன பேருன்னு எங்களுக்கும் சொல்லத் தெரியல, அவருக்கும் தெரியல.”

எங்கிருந்தோ வந்து ஓரிடத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இந்த வலி தெரியும். நம் மறையூர்க் கரும்பாலைக் கொட்டகைகளிலும் கொப்பரைப் பக்கத்தில் நிற்பவர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். மேற்படிப்பும் நல்ல உத்தியோகமும் தெற்கே இருந்தன. 1990 களின் இறுதியில் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்லோ பக்கம் பெயரத் தொடங்கின. பிள்ளைகளுக்காக வந்தவர்கள் பிள்ளைகளுக்காகவே போனார்கள். அத்தைக்குத் தெரிந்த குடும்பங்களில் அங்கே எஞ்சியவை இரண்டே.

நிற்க. நான் வந்த காரியத்தை முதல் நாளே தொடங்கினேன். தனிமை, இருட்டு, முறிந்த கை, பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அத்தை எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். “பொங்கல் போகட்டும், பேசுவோம்” என்றார்.

தை முதல் நாள் வந்தது. கதிரவனுக்கு நன்றி சொல்லும் நாள். கதிரவன் இல்லாத ஊர். எப்படிப் பொங்குவார்களோ என்று எனக்கு வியப்பு. நம் ஊரில் விடியலில் கிழக்கு நோக்கிப் பானை வைப்போம். அத்தை நண்பகல் 12 மணிக்கு வைத்தார், தெற்குச் சன்னலைப் பார்த்து. காரணம் கேட்டேன். “வெளிச்சம் அங்கே இருந்துதானே வருது? அதோட நம்ம ஊரும் அந்தத் திசைதான்” என்றார். மின் அடுப்பில் பானை. கோலம் சமையலறைத் தரையில். மஞ்சள் கொத்துக்குப் பதில் மஞ்சள் தூள் பூசிய நூல். நான் கொண்டுபோன வெல்லத்தை உடைத்துப் போட்டதும் வீடெங்கும் மறையூர் மணத்தது. நம் வெல்லத்துக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமையாகச் சொன்னேன். அத்தை ஒரு துண்டை வாயிலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். “தம்பி காய்ச்சினதா?” என்றார். “அப்பா இப்போது காய்ச்சுவதில்லை, பக்கத்துக் கொட்டகைக்காரர் காய்ச்சியது, பதம் பார்த்தது மட்டும் அப்பா” என்றேன்.

பால் பொங்கிற்று. இரண்டு தமிழ்க் குடும்பத்தாரும், ஆலையில் உடன் வேலை பார்த்த தாய்லாந்துப் பெண் ஒருத்தியும், எதிர்வீட்டு நார்வேக் கிழவியாரும் கூடி நின்று “பொங்கலோ பொங்கல்” என்றார்கள். கிழவியாரின் குரல்தான் உரக்கக் கேட்டது. முப்பது ஆண்டுப் பழக்கமாம்!

அந்த அம்மையாருக்கு வயது 80 ஐக் கடந்துவிட்டது. அத்தை விழுந்து கிடந்தபோது கண்டு தூக்கியவர் அவர்தான். இருவருக்கும் ஓர் ஏற்பாடு: காலை 8 மணிக்குள் சமையலறைச் சன்னலில் விளக்கு எரிய வேண்டும், எரியாவிட்டால் எதிர்வீட்டார் வந்து கதவைத் தட்ட வேண்டும். இந்த ஏற்பாடு அத்தை விழுந்த பின் ஏற்பட்டது. சாப்பிட்டபின் அவர் தம் ஊர்க் கதையைச் சொன்னார். அத்தை தமிழில் பெயர்த்தார்.

1944 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜெர்மானியப் படை பின்வாங்கியபோது, ஃபின்மார்க்கை எரித்துவிட்டுப் போக உத்தரவாயிற்று. சுமார் 50,000 மக்கள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். போகாமல் குகைகளிலும் மண் குடிசைகளிலும் ஒளிந்தவர்களும் ஆயிரக்கணக்கினர். ஹாமர்ஃபெஸ்டில் கல்லறைத் தோட்டத்துச் சிறு தேவாலயம் ஒன்றைத் தவிர ஒரு கட்டடமும் மிஞ்சவில்லை. அப்போது அவர் கைக்குழந்தை. தாயார் மடியில் படகில் போனாராம். போர் முடிந்ததும், வீடில்லை, உணவில்லை, பொறுங்கள் என்று அரசு தடுத்தது. மக்கள் பொறுக்கவில்லை. சாம்பல் மேட்டுக்கே திரும்பி வந்து, பலகைக் கொட்டகை போட்டுக்கொண்டு, ஊரைத் திரும்பக் கட்டினார்கள்.

எல்லோரும் போனபின் பாத்திரம் துலக்கிக்கொண்டே அத்தை பேசினார். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“தம்பி, தோட்டத்துல பொறந்தேன். அங்கேயிருந்து கலவரக்காரன் கிளப்பினான். வவுனியாவுல இருந்து பட்டாளம் கிளப்பிச்சு. மன்னார்ல இருந்து பயம் கிளப்பிச்சு. உங்க அப்பனையும் என்னையும் பிரிச்சது எங்களைக் கேக்காம ரெண்டு அரசாங்கம் போட்ட கையெழுத்து. ஒரு ஊரை விட்டாவது நானா கிளம்பினதில்ல. இந்த ஊர்தான் என்னைப் போன்னு சொல்லல. இப்போ என் புள்ளையே சொல்றான். அவன் சொல்றது பாசம்தான், தெரியும். ஆனா கிளம்பணும்னா, இந்த ஒரு ஊர்ல இருந்தாவது நானா கிளம்பறேனே.”

நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் நாவிலேயே நின்றுவிட்டன. துண்டை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்கலானேன்.

ஆனால் முறிந்த கை முறிந்த கைதான். அதை மறந்துவிட முடியுமா? மறுநாள் அத்தை மகனுடன் தொலைபேசியில் நெடுநேரம் பேசினேன். அந்நாட்டில் தனித்து வாழும் முதியோர்க்கு நகராட்சியே கையில் கட்டும் எச்சரிக்கைக் கருவி ஒன்று தருகிறது. பொத்தானை அழுத்தினால் ஆள் வரும். வீட்டுக்கு வந்து கவனிக்கும் தாதியரும் உண்டு. “கிழவிகள் கட்டுறது” என்று அத்தை அதை மறுத்து வந்திருந்தார். அதைக் கட்டிக்கொள்ள இசைந்தார். வாசற்படிக்கு மணல் தூவவும் கைப்பிடிக் கம்பி வைக்கவும் ஒப்பினார். மகனும் ஒன்றுக்கு இசைந்தார்: இனித் தொலைபேசியில் “எப்போது வருகிறீர்கள்?” என்று கேட்பதில்லை, “விளக்கு எரிகிறதா?” என்று மட்டும் கேட்பது. யாருக்கும் முழு வெற்றி இல்லை. ஆயினும் பல மாதங்களுக்குப் பின் தாயும் மகனும் சண்டையின்றிப் பேசி முடித்தார்கள்.

நான் புறப்படுமுன் கதிரவன் வந்தான். பள்ளிக் குழந்தைகளை ஆசிரியைகள் வெளியே அழைத்து வந்திருந்தார்கள். அன்று இனிப்பு உருண்டை ரொட்டி தின்பது அந்த வடநாட்டு வழக்கம். தெற்கு மலைமேல் ஒரு பொற்கீற்று எழுந்து, சில நிமிடங்கள் நின்று, மறைந்தது. குழந்தைகள் ஆர்ப்பரித்தார்கள். அத்தை கைகுவித்தார். எதிர்வீட்டு அம்மையாரும் அவரைப் பார்த்துத் தாமும் கைகுவித்தார்.

திரும்பிய வாரமே மறையூர் போனேன். வாசகர்களிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்லவேண்டும். தாயார் காலமானது முதல் தந்தையாரைப் பாலக்காட்டு இரயில்வே குடியிருப்புக்கு வரச் சொல்லி மூன்றாண்டாக வற்புறுத்தி வந்தவன் நான். “தனியாக என்ன செய்கிறீர்கள்? கரும்பும் இல்லை, கொப்பரையும் இல்லை” என்று கடிந்தும் பேசியிருக்கிறேன். அத்தையை அழைத்துவர என்னை அனுப்பியதில் அத்தை மகனுக்கும் எனக்கும் ஒரே எண்ணம் இருந்தது என்பது அங்கே போனபின்தான் எனக்கு விளங்கிற்று.

நம் மலைநாட்டில் வீடு என்பது எளிய சொல் அன்று. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்க்கு வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் இறங்க வேண்டும். 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அப்படிப்பட்ட ஆபத்துள்ள இடத்திலிருந்து முதியோரை அழைத்துவரத்தான் வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஆபத்து இல்லாத இடத்தில், நம் கவலை தீர வேண்டும் என்பதற்காக மட்டும் அவர்களைப் பெயர்த்தெடுத்தால், முன்பு அவர்களைக் கேளாமல் பங்கிட்டவர்கள் செய்ததையே நாமும் அன்பின் பெயரால் செய்கிறோம்.

தந்தையாரிடம் இம்முறை வரச் சொல்லவில்லை. அத்தை கொடுத்தனுப்பிய கருவாட்டைக் கொடுத்தேன். உப்பே இடாமல் துருவக் காற்றில் மரச்சட்டத்தில் தொங்கவிட்டு உலர்த்திய காட் மீன் அது. கட்டையைப் போல் இருக்கும். “இதை அரிவாளால் வெட்டணும் போலிருக்கே” என்று சிரித்தார். பிறகு ஊராட்சியின் வீடுதேடி வரும் பராமரிப்புச் செவிலியரைப் பார்த்துப் பெயர் எழுதி வந்தேன். நம் கேரளத்தில் 2008 ஆம் ஆண்டுக் கொள்கைக்குப்பின் பரவிய நல்ல ஏற்பாடு இது. நோயுற்ற முதியோர் உள்ள குடும்பங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். குளியலறையில் கைப்பிடி வைத்தேன். பக்கத்துக் கொட்டகைக்காரரிடம், காலை 7 மணிக்குள் எங்கள் வீட்டுத் திண்ணை விளக்கு எரியாவிட்டால் ஒரு குரல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

தந்தையார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து ஏறும்போது, “அடுத்த மாசம் பத்து நாள் பாலக்காட்டுக்கு வந்து இருந்துட்டுப் போறேன்” என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது. அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு முறை “எப்போது வருகிறீர்கள்?” என்பதை விட்டு, “அங்கே உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.